பயிர்ச் சேதமும் அரசு நிவாரணமும்: காப்பீடு செய்யாத உழவர் அறிய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் புயல் ஒவ்வொன்றும் கடலோர மாவட்டங்களின் சம்பா பயிருக்குச் சோதனையாகும். அறுவடைக்கு நின்ற கதிர் தை, மாசியில் பெய்யும் பருவம் தவறிய மழையில் சாய்ந்து முளைத்து விடுவதும் உண்டு. மானாவாரி நிலங்களிலோ மழை பொய்த்துப் பயிர் கருகுகிறது. இவ்வாறு இழப்பு ஏற்படும்போது, பயிர்க் காப்பீடு செய்தவருக்கு ஒரு வழி இருக்கிறது. காப்பீடு செய்யாதவரும், செய்ய நினைத்துக் கடைசி நாளைத் தவற விட்டவரும் என்ன செய்வது? இவர்களுக்கு உள்ள ஒரே ஆதரவு அரசு வழங்கும் இயற்கை இடர்ப்பாட்டு நிவாரணம்தான்.

இந்த நிவாரணம் உண்மையில் பாதிக்கப்பட்டும் பல சிறு விவசாயிகளுக்குக் கிடைக்காமல் போகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் சேதம் குறைவாக இருந்தது அல்ல. அடங்கலில் பயிர் பதிவாகாதது, பட்டா தந்தை பெயரிலேயே இருப்பது, வங்கிக் கணக்கு எண் தவறாக எழுதப்பட்டது, கணக்கெடுக்க வந்த நாளில் வயலில் ஆள் இல்லாதது போன்றவையே காரணங்கள். இவை அனைத்தும் முன்கூட்டியே சரி செய்யக் கூடியவை.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். அரசு தருவது நிவாரணம். இழப்பு முழுவதையும் ஈடு செய்யும் தொகை அல்ல. விதிமுறைகளில் இதற்கு ‘இடுபொருள் மானியம்’ என்று பெயர். அதாவது பயிரை இழந்த உழவர் அடுத்த சாகுபடிக்கு விதையும் உரமும் வாங்கிக் கொள்ளக் கைகொடுப்பதே இதன் நோக்கம். விளைந்திருந்தால் எத்தனை மூட்டை கிடைத்திருக்கும், அதன் விலை என்ன என்ற கணக்கு இதில் வராது.

காப்பீடு என்பது பிரிமியம் கட்டி ஏற்படுத்திக் கொள்ளும் ஒப்பந்தம். நிவாரணத்திற்குப் பிரிமியம் கிடையாது. காப்பீடு செய்யவில்லை என்ற காரணத்திற்காக நிவாரணம் மறுக்கப்படுவதும் இல்லை. ஆகவே, ‘நாம்தான் காப்பீடு செய்யவில்லையே’ என்று எண்ணி மனுக் கொடுக்காமல் இருந்து விடுவது தவறு.

பணம் எங்கிருந்து வருகிறது?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி ஏற்படுத்தப்பட்டுள்ளது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இந்த நிதிக்கு மத்திய அரசு 75 சதமும், மாநில அரசு 25 சதமும் அளிக்கின்றன. நிதி போதாத அளவுக்குப் பெரும் சேதம் நேர்ந்தால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கூடுதல் உதவி கோரப்படும்.

புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழை, மேக வெடிப்பு, நிலச்சரிவு, தீ, பூச்சித் தாக்குதல், உறைபனி ஆகியவை இந்த நிதியிலிருந்து உதவி பெறத்தக்க இடர்ப்பாடுகளுள் அடங்கும். ஆனால் ஒரு தோட்டத்தில் மட்டும் கவனக் குறைவால் பயிர் வாடியது, தரமற்ற விதையால் முளைக்காதது போன்றவை இதில் சேரா.

எவ்வளவு கிடைக்கும்?

2022-23 முதல் 2025-26 வரையிலான நிதியாண்டுகளுக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதமும் அதற்கு மேலும் இருந்தால் எக்டேர் ஒன்றுக்குக் கிடைக்கும் தொகை வருமாறு:

மானாவாரிப் பயிர்கள் - ரூ.8,500
பாசனப் பயிர்கள் - ரூ.17,000
பல்லாண்டுப் பயிர்கள் - ரூ.22,500

ஒரு விவசாயிக்கு அதிக அளவாக 2 எக்டேர் வரை மட்டுமே கணக்கிடப்படும். மிகச் சிறிய நிலம் உடையவரையும் விதிமுறை மறக்கவில்லை. மானாவாரிக்கு ரூ.1,000, பாசனப் பயிருக்கு ரூ.2,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.2,500 எனக் குறைந்த அளவுத் தொகையும் வகுக்கப்பட்டிருந்தது.

வெள்ளம் வயலில் மணலையும் வண்டலையும் கொண்டு வந்து மூன்று அங்குலத்திற்கு மேல் குவித்து விட்டால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு எக்டேருக்கு ரூ.18,000 வழங்கவும் இதே விதிமுறையில் இடம் உண்டு. ஆற்றோர நிலம் உடையவர்கள் இதனைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

2015ஆம் ஆண்டுக்கு முன்பு பயிர் 50 சதம் அழிந்தால்தான் உதவி கிடைத்தது. அந்த ஆண்டில் இந்த வரம்பு 33 சதமாகக் குறைக்கப்பட்டது. பாசனப் பயிருக்கு எக்டேருக்கு ரூ.9,000 என்றிருந்த தொகை ரூ.13,500 ஆகவும் உயர்ந்தது.

மாநில அரசு விரும்பினால் தன் நிதியிலிருந்து கூடுதலாகவும் தரலாம். 2018ஆம் ஆண்டு நவம்பரில் ‘கஜா’ புயலில் தென்னைகள் வேரோடு சாய்ந்தபோது, மரம் ஒன்றுக்கு நிவாரணம் ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500 என மொத்தம் ரூ.1,100 அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு சனவரியில் நெல் முதலிய பாசனப் பயிர்களுக்கு ரூ.13,500க்குப் பதிலாக எக்டேருக்கு ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் காவிரிப் பாசனப் பகுதியில் அறுவடைப் பருவத்து நெல் மழையில் பாழானபோதும் ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயலுக்கும், 2024 டிசம்பரில் ‘பெஞ்சல்’ புயலுக்கும் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு ரூ.17,000 அறிவிக்கப்பட்டது.

ஆகவே சென்ற முறை கிடைத்த தொகையே இம்முறையும் கிடைக்கும் என்று எண்ணிக் கொள்ளக் கூடாது. ஒவ்வோர் இடர்ப்பாட்டின் போதும் வெளியாகும் அரசாணையில் குறிக்கப்படும் தொகையும் நிபந்தனையுமே செல்லுபடியாகும்.

எக்டேரும் ஏக்கரும்

அறிவிப்பு எக்டேர் கணக்கில் வருகிறது. ஊரில் பேச்சு ஏக்கர், சென்ட் கணக்கில் நடக்கிறது. இதனால் குழப்பம் ஏற்படுகிறது. ஓர் எக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். ஓர் எக்டேரில் 100 ஏர். ஓர் ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஓர் ஏக்கர் என்பது 40.5 ஏர்.

பட்டாவில் 0.81 எக்டேர் என்று இருந்தால் அது 2 ஏக்கர் நிலம். அந்த நிலம் முழுவதிலும் பாசன நெல் 33 சதத்திற்கு மேல் சேதமடைந்தால், எக்டேருக்கு ரூ.17,000 வீதம் கிடைக்க வேண்டியது ரூ.13,770. அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ ரூ.6,880. ஆறு ஏக்கர் பாதிக்கப்பட்டவருக்கு 2 எக்டேர், அதாவது 4 ஏக்கர் 94 சென்ட் வரை மட்டுமே கணக்கு. அவருக்குக் கிடைப்பது ரூ.34,000. வங்கியில் வரவான தொகை சரிதானா என்று இந்தக் கணக்கைக் கொண்டு விவசாயிகள் தாங்களே சரிபார்த்துக் கொள்ளலாம்.

33 சதம் என்ற கோடு

இந்த முறையில் 33 சதம் என்பது மிக முக்கியமான கோடு. 30 சதம் சேதமடைந்த வயலுக்கு ஒன்றும் கிடைக்காது. 35 சதம் சேதமடைந்த வயலுக்கும், முழுவதும் அழுகிய வயலுக்கும் ஒரே தொகைதான். ஆகவே வயலின் சேதம் எவ்வளவு என்பதை உழவரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம். கண்ணால் பார்த்து, ‘எல்லாம் போய்விட்டது’ என்று சொல்வதை விட எண்ணிச் சொல்வது மேல்.

நெல்லுக்கு இதை எளிதாகச் செய்யலாம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரச் சட்டத்தைக் குச்சிகளால் கட்டிக் கொள்ள வேண்டும். வயலின் நான்கு பக்கங்களில், வரப்பிலிருந்து சற்று உள்தள்ளி நான்கு இடங்களும், நடுவில் ஓர் இடமுமாக ஐந்து இடங்களில் சட்டத்தை வைத்து எண்ண வேண்டும். 20க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட வயலில் ஒரு சதுர மீட்டரில் 33 குத்துகள் இருக்கும். ஐந்து இடங்களிலும் சேர்த்து 165 குத்துகள்.

அழுகிய குத்துகள் முறையே 14, 9, 12, 6, 16 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 57. இதை 165ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 34.5 சதம் வருகிறது. இந்த வயல் தகுதி பெறும். ஆனால் நான்காவது இடத்தை மட்டும் பார்த்தவர் சேதம் 18 சதம் என்றே எழுதுவார். முதல் இடத்தை மட்டும் பார்த்தவருக்கு அது 42 சதம். மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கணக்கெடுக்க வருவோரை வரப்பில் நிறுத்தி விடாமல் பள்ளப் பகுதிக்கும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

பூக்கும் தருணத்தில் நீரில் மூழ்கிய பயிர் நீர் வடிந்ததும் பச்சையாகவே தோன்றும். ஆனால் மகரந்தச் சேர்க்கை கெட்டிருப்பதால் கதிர் பதராகி விடும். இத்தகைய வயலை முதல் நாளிலேயே பார்த்து ‘சேதம் இல்லை’ என்று எழுதி விடக் கூடும். பயிர் எந்தப் பருவத்தில், எத்தனை நாள் மூழ்கியிருந்தது என்பதை மனுவில் எழுதி, பால் பிடிக்கும் சமயத்தில் மீண்டும் பார்வையிடும்படி கேட்டுக் கொள்வது நல்லது. முற்றிய பயிராயின் சாய்ந்த கதிர்களில் முளைத்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். வாழையில் ஒடிந்த, சாய்ந்த மரங்களை எண்ணினால் போதும். ஆயிரம் வாழை நின்ற தோட்டத்தில் 330க்கு மேல் சாய்ந்திருந்தால் அது தகுதி பெறும்.

கணக்கெடுப்பின்போது செய்ய வேண்டியவை

சேதக் கணக்கெடுப்பு வருவாய்த் துறையும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து செய்யும் கூட்டு வேலை. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலைப் பார்வையிட்டுச் சர்வே எண் வாரியாகப் பட்டியல் தயாரிக்கிறார்கள். பட்டியல் வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குச் சென்று, பின்பு அரசுக்குப் போகிறது. இந்தப் பட்டியலில் பெயர் ஏறவில்லையென்றால் பணம் வர வழியில்லை.

சேதம் ஏற்பட்டவுடன் இரு அலுவலர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது நினைவில் நிற்காது. மனுவில் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, பயிர், இரகம், நட்ட நாள், சேதம் ஏற்பட்ட நாள், சேதத்தின் தன்மை ஆகியவற்றை எழுதி, ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக் கொள்ள வேண்டும். அத்துடன் சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களையும் இணைக்க வேண்டும். கைப்பேசி உள்ளவர்கள் வயலைப் படம் எடுத்து வைத்துக் கொள்ளலாம். சர்வே கல், கிணறு, மின்கம்பம் போன்ற ஓர் அடையாளம் படத்தில் தெரிவது நலம்.

நிவாரணத் தொகை வங்கிக் கணக்கிலேயே நேராக வரவு வைக்கப்படுகிறது. பட்டாவிலும், ஆதாரிலும், வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்காக இருந்தால் வங்கிக்குச் சென்று புதுப்பித்துக் கொள்ள வேண்டும்.

அலுவலர் வரும் வரை வயலை அப்படியே விடலாமா?

இது பல விவசாயிகளுக்கு வரும் சங்கடம். நீரை வடித்துப் பயிரைத் தேற்றினால் ‘சேதமில்லை’ என்று எழுதி விடுவார்களோ என்று அஞ்சி, பயிரை அழுக விடுவோர் உண்டு. இது நட்டத்தின் மேல் நட்டமாகும். ஏக்கருக்கு ஏழாயிரம் ரூபாய்க்கும் குறைவான உதவிக்காகத் தேறக் கூடிய பயிரைக் கைவிடுவது எந்தக் கணக்கிலும் கட்டாது.

ஆகவே முதல் வேலை நீரை வடிப்பதுதான். மனுவைக் கொடுத்து, படம் எடுத்துக் கொண்டு, குத்துகளை எண்ணிக் குறித்து வைத்த பின்பு தாமதியாமல் வேலையைத் தொடங்கலாம். இளம் பயிரில் அழுகிய இடங்களை அதே வயதுள்ள நாற்றைக் கொண்டோ, நன்கு தூர் கட்டிய குத்துகளைப் பிரித்தோ நிரப்பலாம். நீர் வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் உரத்துடன் சேர்த்து இடலாம். பயிர் மஞ்சளித்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

பயிர் முற்றிலும் அழிந்து, மடக்கி உழ வேண்டிய நிலை ஏற்பட்டால் மட்டும் அவசரப்படக் கூடாது. உழுத வயலில் காட்ட எதுவும் இராது. இரு அலுவலர்களிடமும் கேட்டுக் கொண்டு, பார்வையிட்ட பின்னரே உழ வேண்டும். அவர்கள் வரத் தாமதமானால், வயலின் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு வைக்க அனுமதி உண்டா என்று கேட்டறிவது நல்லது.

குத்தகை உழவரின் நிலை

நிவாரணத்தில் மிகவும் விடுபட்டுப் போகிறவர்கள் வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்திற்கும் பயிரிடுவோர் ஆவர். விதையும் உரமும் கூலியும் இவர்கள் கைப்பணம். பயிர் அழிந்தால் கடன் இவர்கள் தலையில். ஆனால் பட்டா நில உடைமையாளர் பெயரில் இருப்பதால், பட்டியலில் அவர் பெயரே ஏறிப் பணமும் அவர் கணக்குக்கே போய் விடுவதுண்டு.

குத்தகையைப் பதிவு செய்து கொள்ளச் சட்டம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்துப் பதிவு பெறலாம். பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர்கள் அஞ்சுவதாலும், கேட்டால் அடுத்த ஆண்டு நிலமே கிடைக்காது என்று குத்தகைதாரர்கள் அஞ்சுவதாலும் பெரும்பாலும் குத்தகை வாய்ப்பேச்சாகவே நின்று விடுகிறது.

பதிவு செய்ய இயலாதவர்கள் குறைந்த அளவு இதையாவது செய்ய வேண்டும். நட்ட உடனேயே கிராம நிர்வாக அலுவலரை அணுகி, அடங்கலில் பயிரிடுபவர் யார் என்பது குறிக்கப்படக் கோர வேண்டும். ‘இப்பருவத்தில் இந்நிலத்தைப் பயிரிடுபவர் இவரே; நிவாரணத்தை இவருக்கு வழங்க ஆட்சேபணை இல்லை’ என்று உடைமையாளரிடம் எழுதி வாங்கலாம். சேதம் ஏற்பட்ட பின்பு இதைக் கேட்பது கடினம். நடவின்போது கேட்டால் பலர் தருவார்கள். கோயில், மடத்து நிலங்களைப் பயிரிடுவோர் குத்தகைப் பணம் கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பட்டா காலமான தந்தை பெயரில் இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். கூட்டுப் பட்டா உடையவர்கள் அவரவர் அனுபவிக்கும் பரப்பை உட்பிரிவு செய்து கொண்டால் பின்னர் தகராறு எழாது. இந்த வேலைகள் கோடையில் செய்யத்தக்கவை. புயல் வந்த பிறகு செய்ய நேரம் இராது.

பெயர் விடுபட்டால்

பட்டியல் தயாரானதும் தம் பெயரும், பரப்பும், கணக்கு எண்ணும் சரியாக உள்ளனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். விடுபட்டிருந்தால் உடனே வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் முறையிடலாம். முதலில் கொடுத்த மனுவின் நகல் இங்கேதான் பயன்படும். ஒரே ஊரில் பலர் விடுபட்டிருந்தால் சேர்ந்து சென்று முறையிடுவது பலன் தரும்.

அடுத்த பருவத்திற்கு

நிவாரணம் ஒரு கைத்தாங்கலே. அதை மட்டும் நம்பிச் சாகுபடி செய்ய இயலாது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட உணவு தானிய, எண்ணெய் வித்துப் பயிர்களுக்கு விவசாயி கட்டும் பங்கு காரீப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதம், ராபியில் 1.5 சதம். வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதம். ஓர் ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.36,000 என்று கொண்டால், 1.5 சதம் என்பது ரூ.540. எஞ்சிய பிரிமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. 2020ஆம் ஆண்டு முதல் கடன் பெற்ற விவசாயிகளுக்கும் இது கட்டாயம் இல்லை. ஆகவே கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவர்கள், காப்பீடும் தானாகவே ஆகியிருக்கும் என்று இருந்து விடாமல் கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும்.

காப்பீட்டிலும் குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான பயிர்களுக்கு வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டம் முழுவதற்கும் சேர்த்துச் சராசரி விளைச்சல் பார்க்கப்படுவதால், தம் வயல் அழிந்தும் இழப்பீடு கிட்டாதவர்கள் உண்டு. நிவாரணமோ அவரவர் வயலைப் பார்த்து வழங்கப்படுவது. ஆனால் தொகை சிறியது. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு நிரப்பும் என்பதால் இரண்டுக்கும் தயாராக இருப்பதே அறிவுடைமை.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நட்ட பயிர் அடங்கலில் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். நடவு முடிந்த பதினைந்து நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரைச் சந்தித்துப் பயிர், பரப்பு, பயிரிடுபவர் பெயர் ஆகிய மூன்றும் ஏறியுள்ளனவா என்று பார்த்து விடுவதை விவசாயிகள் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.